ஒன்பது சென்டிமீட்டர்

எங்கள் வீட்டு வாசலில் நான்கு படிகள் இருந்தன. 1989-ல் தென்சென்னை மடிப்பாக்கத்தில் அப்பா வீடு கட்டும்போது மூன்று படி போதும் என்று கொத்தனார் சொன்னாராம். "ஏரிக்குப் பக்கத்தில கட்டுறோம், ஒண்ணு சேர்த்தே வையுங்க" என்று அப்பா நான்காக்கினார். இப்போது வெளியே தெரிவது ஒன்றுதான். மற்ற மூன்றும் எங்கேயும் போகவில்லை, தாருக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன.

நான் லெவல் எடுப்பவன். முக்காலியில் ஆட்டோ லெவல் என்ற தொலைநோக்கிக் கருவியை நிறுத்தி, தூரத்தில் பையன் பிடித்திருக்கும் ஸ்டாஃபில், அதாவது நீள அளவுகோலில், உள்ள எண்ணைப் படித்து, இந்த இடம் அந்த இடத்தைவிட எத்தனை மில்லிமீட்டர் உயரம், எத்தனை பள்ளம் என்று நோட்டில் எழுதும் வேலை. பதினான்கு வருடத்தில் முக்கால்வாசி நாள் சென்னை மழைநீர் வடிகால் வேலைகளில்தான் கழிந்திருக்கிறது. வடிகால் போடுகிறவன் வீட்டிலேயே தண்ணீர் புகுந்தது என்று தெருவில் கேலி செய்வார்கள். கேலி நியாயமானதுதான்.

மிக்ஜாம் புயல் மழை கொட்டிய 2023 டிசம்பர் 3 இரவு, கரண்ட் போன பிறகு வேறு வேலை இல்லாததால் ஸ்டாஃபை எடுத்து கேட் தூணோடு சேர்த்துக் கட்டினேன். டார்ச் அடித்து அடித்து ரீடிங் எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் லெவல் புக்கில் இருக்கிறது, ஈரத்தில் மை பரவியிருந்தாலும் படிக்கலாம். ரோட்டிலிருந்து 11.40-க்கு 21 செ.மீ., 12.40-க்கு 27. எங்கள் ஹால் தரை ரோட்டைவிட 28 செ.மீ. உயரம். மனைவி அரிசி மூட்டையையும் கேஸ் சிலிண்டரையும் மாடிப்படிக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். "இன்னும் எவ்வளவு இருக்கு?" என்று உள்ளேயிருந்து கேட்டாள். "ஒரு சென்டிமீட்டர்" என்றேன். விடியும்போது 55, அன்று மாலை 71. அதாவது ஹாலுக்குள் முழங்கால் உயரம்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஏறிய கணக்கு இல்லை, இறங்கிய கணக்கு. 4-ம் தேதி இரவோடு மழை நின்றுவிட்டது. 5-ம் தேதி காலை 69. மாலை 66. அடுத்த நாளும் அதே நகர்வுதான். வானம் பளிச்சென்று இருக்கிறது, வெயில் அடிக்கிறது, தெருவில் படகு போகிறது, தண்ணீரோ நாளுக்கு நான்கைந்து செ.மீ. என்று ரேஷன் போட்டு இறங்குகிறது.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் ஊரில் வெள்ளம் ஒன்றல்ல, இரண்டு. முதலாவது நம் தெருவில் பெய்து, போக வழியில்லாமல் நிற்கும் தண்ணீர். அதைத் தெருத் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது, போய்ச் சேர வேண்டிய இடமே நிரம்பி, அங்கிருந்து திரும்பி ஏறி வரும் தண்ணீர். இரண்டும் ஒரே நிறம், ஒரே நாற்றம். ஆனால் இரண்டுக்கும் மருந்து வேறு.

ரோட்டை உயர்த்தி உயர்த்தித்தான் வீடுகள் மூழ்கின என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். லெவல்காரனாக இதில் ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். மிக்ஜாம் சமயத்தில் ரோடு 1989-ல் இருந்த மட்டத்திலேயே இருந்திருந்தாலும் எங்கள் ஹாலில் கிட்டத்தட்ட அதே தண்ணீர்தான் நின்றிருக்கும். ஏனென்றால் அது இரண்டாவது தண்ணீர், எங்கள் பக்கத்துத் தண்ணீரெல்லாம் போய்ச் சேரும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் நிரம்பி நின்ற மட்டம். தெருவில்தான் இன்னும் ஆழமாக இருந்திருக்கும். ஆனால் ஐப்பசியில் சாதாரணமாக ஒரு மணி நேரம் அடிக்கும் மழைக்குத் தெருத் தண்ணீர் வாசலுக்குள் எட்டிப் பார்க்கிறதே, அதற்குக் காரணம் சந்தேகமே இல்லாமல் அந்தத் தார்தான். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவு போட்டார். மில்லிங் என்பார்கள். நல்ல உத்தரவு. எங்கள் மூன்று படிக்குத்தான் அது கொஞ்சம் தாமதமாக வந்தது.

சரி, திட்டத்துக்கு வருவோம். சென்னை என்ன செய்யப் பார்க்கிறது?

பெரிய அளவில் பார்த்தால் ஊரை ஆற்றுப் படுகைகளாகப் பிரித்துக்கொண்டு வடிகால் போடுகிறார்கள். அடையாறு, கூவம் படுகைகளில் உலக வங்கிக் கடனில் ஏற்கெனவே போட்டார்கள். வடக்கே கொசஸ்தலையாறு படுகைக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021-ல் 25.1 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. அதில் புதிதாகப் போட வேண்டியது மட்டும் 588 கிலோமீட்டர். தெற்கே எங்கள் பக்கம் கோவளம் படுகை, அதற்கு ஜெர்மன் வளர்ச்சி வங்கி. 2021 நவம்பரில் ஒரே இரவில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டி தி.நகர் மூழ்கிய பிறகு, ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 2023 மார்ச்சில் அந்தக் குழு இறுதி அறிக்கை கொடுத்தது. இடையில் நகரம் முழுக்கப் பள்ளம் தோண்டினார்கள். எனக்கு ஞாயிற்றுக்கிழமைகூட வேலை இருந்த காலம் அது.

தி.நகர் மூழ்கியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அது 1920-களில் ஓர் ஏரியை வடித்துக் கட்டிய ஊர். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த ஏரி. மேற்கு மாம்பலத்தில் இன்னும் லேக் வியூ ரோடு இருக்கிறது. வியூ மட்டும்தான் இல்லை.

தெருத் தண்ணீருக்கு இந்த வடிகால்கள் நிஜமாகவே வேலை செய்கின்றன. இதைச் சொன்னால், சொந்த வேலையைப் பாராட்டிக்கொள்கிறான் என்பார்கள், பரவாயில்லை. முன்பு மறுநாள் மதியம் வரை நின்ற தெருக்களில் இப்போது மழை விட்ட ஒரு மணி நேரத்தில் ரோடு தெரிகிறது. எங்கள் தெருவுக்கும் 2023-க்குப் பிறகு வடிகால் வந்துவிட்டது. ஆனால் ஒரு வடிகால் எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துகொள்வது நல்லது. மூன்றடி அகலம், மூன்றடி ஆழம், ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு என்று வைத்துக்கொண்டால் விநாடிக்குச் சுமார் 750 லிட்டர் போகும். அந்த வடிகாலுக்கு 25 ஏக்கர் குடியிருப்பின் தண்ணீர் வருகிறது என்றால், மண் குடிப்பது போக, மணிக்கு மூன்று மூன்றரை செ.மீ. மழை வரை சமாளிக்கும். ஆறு செ.மீ. அடித்தால் கிட்டத்தட்ட பாதி தெருவில்தான் நிற்கும். உடைந்துவிட்டது, ஊழல் என்று உடனே கத்த வேண்டாம். கணக்கே அவ்வளவுதான். அதே வடிகாலில் ஒரு முழங்கை நீளத்துக்குக்கூட வேண்டாம், ஒரு சாண் உயரத்துக்கு வண்டல் படிந்தாலே போகும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஐப்பசிக்கு முன்னால் தூர்வார வேண்டும் என்று எல்லோரும் கத்துவது இதற்காகத்தான். இதற்காகத் தாராளமாகக் கத்தலாம்.

சென்னையில் லெவல் எடுப்பதில் உள்ள கஷ்டம், எடுக்க லெவலே இல்லை என்பதுதான். ஊர் தட்டைப் பலகை. ஆயிரத்துக்கு ஒன்று சரிவு வேண்டும் என்று டிசைனில் இருக்கும். தரையோ கிலோமீட்டருக்கு அரை மீட்டர்கூட இறங்காது. அப்போது வடிகாலைப் போகப் போக ஆழமாக்க வேண்டும். ஆழமாக்கினால், சேர வேண்டிய கால்வாயின் அடிமட்டத்துக்கும் கீழே போய்விடும். ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் கஞ்சத்தனம் பார்க்க வேண்டிய வேலை.

அப்படிப்பட்ட வேலையில் நான் ஒன்பது சென்டிமீட்டரைத் தொலைத்தேன்.

எந்த ஏரியா என்று சொல்லவில்லை. காலை பத்தரை மணி வெயில், ஸ்டாஃப் பிடிக்கிற பையன் புதிது, நடுவில் தண்ணீர் லாரி ஒன்று வந்து நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றது. லாரிக்கும் வேப்ப மரத்துக்கும் நடுவில் கிடைத்த இடுக்கில் படித்தேன்: 1.345. நோட்டில் எழுதியது 1.435. வாய் சொன்னதைக் கை மாற்றி எழுதிவிட்டது. அந்த ரீடிங்கை வைத்துத்தான் மற்ற மட்டங்களைக் குறித்தேன். காலையில் கிளம்பிய பென்ச் மார்க்குக்கே, அதாவது உயரம் தெரிந்த குறிக்கே, மாலையில் திரும்பி வந்து சரிபார்க்க வேண்டும், அது விதி. அன்று மழை இருட்டிக்கொண்டு வந்ததால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்த நாளை வர மூன்று நாள் ஆனது. அதற்குள் பன்னிரண்டு மீட்டருக்கு பி.சி.சி. என்ற கம்பியில்லாத கான்கிரீட் படுகை போட்டு, கம்பியும் கட்டிவிட்டார்கள்.

சரிபார்த்தபோது கணக்கு 90 மில்லிமீட்டர் இடித்தது. வயிற்றில் ஏதோ இறங்கியதுபோல இருந்தது. பழைய ரீடிங்குகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து, அந்த வேப்ப மரத்தடிக்கு வந்தபோதுதான் பிடிபட்டது. ஒன்பது சென்டிமீட்டர் எவ்வளவு என்று கேட்டால், நீட்டிய கையின் உள்ளங்கை அகலம். ஆனால் ஆயிரத்துக்கு ஒன்று சரிவில் அது தொண்ணூறு மீட்டர் வடிகாலின் மொத்தச் சரிவு. அப்படியே விட்டிருந்தால், ஒன்பது செ.மீ. மேலே போட்ட அந்தப் பன்னிரண்டு மீட்டர் திட்டுக்கு முன்னால் தண்ணீர் குளம் கட்டியிருக்கும், வண்டல் அங்கேயே படியும், இரண்டு வருடத்தில் தெருவே 'இந்த வடிகால் ஏன் போட்டாங்கன்னே தெரியல' என்று சொல்லும். மேஸ்திரியிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பிரேக்கரை எடுத்துவரச் சொல்லி ஆளை அனுப்பிவிட்டு, டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீயை மாதிரி ஒரு டீயை நான் குடித்ததில்லை, இனிக்கவே இல்லை.

ஊரில் இப்படிப்பட்ட ஒன்பது சென்டிமீட்டர்கள் எத்தனை மூடிக் கிடக்கின்றனவோ. இரண்டு ஒப்பந்தங்கள் சந்திக்கும் இடங்களில் கண்டிப்பாக இருக்கும். ஒருவர் முடித்த இடத்தைவிட அடுத்தவர் ஆரம்பித்த இடம் மேலே இருக்கும். மேலே ஸ்லாப் போட்டு மூடிய பிறகு நடைபாதை அழகாகத்தான் தெரியும்.

இது தெருத் தண்ணீர் கதை. அந்த இரண்டாவது தண்ணீருக்கு வடிகால் ஒன்றும் செய்ய முடியாது. பள்ளிக்கரணை நிரம்பிவிட்டால் என்னதான் சரியான மட்டத்தில் வடிகால் கட்டினாலும், சதுப்பு நிலத்துத் தண்ணீர் தெருவுக்கு வர நாமே வழி போட்டுக் கொடுத்த மாதிரிதான் ஆகும்.

பள்ளிக்கரணைக்குத் தண்ணீர் வரும் பரப்பு சுமார் 250 சதுர கிலோமீட்டர். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம், அங்கிருந்து சதுப்பு நிலம் என்று ஏரிக்கு ஏரி கலங்கல், அதாவது உபரி நீர் வழியும் வாய், வழியாக வரும். அந்தப் பரப்பில் 10 செ.மீ. பெய்தால், மண் குடிப்பதை விட்டுவிட்டுப் பார்த்தால், 2,500 கோடி லிட்டர். செம்பரம்பாக்கம் ஏரியில் கால்வாசி. மிக்ஜாமில் பல இடங்களில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. அப்படியென்றால் ஒரு முழுச் செம்பரம்பாக்கமே எங்கள் தலையில் கவிழ்ந்த மாதிரி. 2022-ல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம் 1,247 ஹெக்டேர். அது முழுக்க ஒரு மீட்டர் ஏறினாலும் 10 செ.மீ. மழையில் பாதியைத்தான் பிடிக்கும். மிச்சம் ஒக்கியம் மடுவு என்ற ஒரே வாய் வழியாக வெளியேறி, பக்கிங்ஹாம் கால்வாயில் விழ வேண்டும். அங்கிருந்து கிழக்கே பார்த்தால் கடல் கூப்பிடு தூரம். ஆனால் தண்ணீர் நேராகப் போக முடியாது. கால்வாயோடு தெற்கே திரும்பி, முட்டுக்காடு வரை நடந்து போய்த்தான் கடலைப் பார்க்கும். அதுவும் அந்த நேரத்தில் முகத்துவாரத்தில் மணல் அடைக்காமல் இருந்து, கடலும் ஓதம் ஏறாமல் இருந்தால். புயல் நாளில் கடல் தன் தண்ணீரையே கரைக்குத் தள்ளிக்கொண்டிருக்கும், நம்முடையதை எங்கே வாங்கும்? நடுவில் நேராகக் கடலுக்கு ஒரு மூடு கால்வாய் வெட்டலாம் என்ற பேச்சு இருக்கிறது. வெட்டட்டும். ஓதம் ஏறும் நேரத்தில் அதுவும் காத்திருக்கத்தான் வேண்டும்.

ஆக, தண்ணீருக்கு வேண்டியது காத்திருக்க ஓர் இடம். நம் முன்னோர் அதற்கு வைத்த பெயர்கள் மின்சார ரயிலிலேயே இருக்கின்றன. மீனம்பாக்கம் தாண்டினால் பழவந்தாங்கல். தாங்கல் என்றாலே தண்ணீரைத் தாங்கி வைத்திருக்கும் சின்ன ஏரிதான். கணக்கும் சுலபம். ஒரு ஏக்கரில் இரண்டு மீட்டர் ஆழத்துக்குக் குளம் வெட்டினால், சுற்றியுள்ள 20 ஏக்கரில் பெய்யும் 10 செ.மீ. மழை முழுவதும் அதில் அடங்கும். இருபதில் ஒரு பங்கு நிலம், அவ்வளவுதான் கேட்கிறேன். 2024-ல் அரசு திரும்ப எடுத்துக்கொண்ட கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தில் குளங்கள் வெட்டியபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அங்கே நிற்கும் ஒவ்வொரு லிட்டரும் வேளச்சேரிப் பக்கம் வராத லிட்டர். பூங்காக்களில் பள்ளம் தோண்டிக் கூழாங்கல் போட்டு 'ஸ்பாஞ்ச் பார்க்' என்று வைத்திருக்கிறார்கள். அளவு சின்னது, போக்கு சரி.

எல்லா மண்ணும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஈ.சி.ஆர். என்ற கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து மணல் எவ்வளவு மழையையும் உறிஞ்சிவிடும். அங்கேயும் கான்கிரீட் வடிகால் போட வந்தபோது, குடியிருப்போர் எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். என் பிழைப்பு வடிகால் என்றாலும் அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று நினைத்தேன். எங்கள் பக்கமோ களிமண். தோட்டத்தில் ஒரு குழி தோண்டினால் நான்கு நாளைக்குத் தவளை குடியிருக்கும்.

ஒருமுறை நாராயணபுரம் பக்கம் லெவல் எடுத்துக்கொண்டிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி வெகு நேரமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னப்பா அதுல தெரியுது?"

"எங்க பள்ளம்னு பாக்குறோம் பாட்டி."

"அதுக்கு இது எதுக்கு? என்னைக் கேட்டா சொல்றேன்" என்று எழுந்து வந்தார். ஒரு அபார்ட்மென்ட்டின் கார் நிறுத்தும் இடத்தைக் காட்டினார். "இங்கதான் கோரை அறுப்போம், இடுப்பளவு நிக்கும். அந்த மஞ்ச வீடு இருக்கே, அது மேடு. மாடு கட்டுவோம்."

பையனை அனுப்பி இரண்டு இடத்திலும் ஸ்டாஃப் வைக்கச் சொன்னேன். அவ்வளவு மண் கொட்டி, அவ்வளவு கான்கிரீட் போட்ட பிறகும் கார் நிறுத்துமிடம் மஞ்சள் வீட்டு வாசலைவிட 62 செ.மீ. கீழே. அதைச் சொன்னதும் பாட்டி, "நான்தான் சொன்னேனே" என்று திண்ணைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

2024 அக்டோபரில் ரெட் அலர்ட் கொடுத்த அன்று, ஊரே கார்களைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் நிறுத்தியது. சிரிப்பாகத்தான் இருந்தது. சிரித்துக்கொண்டே நானும் என் பழைய ஆல்ட்டோவைக் கொண்டுபோய் வரிசையில் விட்டேன். அதுவும் ஒரு லெவல் அறிவுதானே, ஊரில் எது மேடு என்று தெரிந்து வைத்திருப்பது. இரண்டு தெரு தள்ளி ஒருவர் ஜாக்கி வைத்து வீட்டையே நான்கடி தூக்கிவிட்டார். என்னையும் தூக்கச் சொல்கிறார். வீட்டைத் தூக்கலாம், தெருவை யார் தூக்குவது என்று கேட்டேன். "தெரு தானா உயரும்" என்றார். அதுவும் சரிதான்.

நேற்று மாலை, மழை வருவதற்கு முன் எங்கள் தெரு வடிகாலின் வண்டல் தொட்டிகளை ஒரு நடை பார்த்துவிட்டு வந்தேன். எங்கள் பக்கம் ஏழு வாய். இரண்டில் பிளாஸ்டிக் கவர், தேங்காய் மட்டை, ஒரு ஒற்றைச் செருப்பு. கம்பியால் இழுத்துப் போட்டேன். எதிர் வீட்டு வாசலில் இருக்கும் வாயைத் தண்ணீர் உள்ளே போக முடியாதபடி சாக்கை மடித்துச் செருகி, அதன் மேல் ஒரு செங்கல்லும் வைத்து, கச்சிதமாக அடைத்திருந்தார்கள். அக்காவைக் கூப்பிட்டேன்.

"என்னக்கா இது?"

"கொசு வருது தம்பி. மழை வந்தா எடுத்துடறேன்."

"ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தா?"

"உனக்குத்தான் தூக்கம் வராதே, எழுப்பு" என்றார்.